அரசுப் பள்ளிக் குழந்தைகளின் பல் மருத்துவம்: யாரிடம் ஒப்படைப்பது?

பள்ளிக் குழுக் கூட்டங்களுக்குப் போகும் இடமெல்லாம் தலைமை ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். நடமாடும் ஊர்தி வைத்திருக்கும் ஓர் அமைப்பு பள்ளிக்கே வருகிறேன் என்கிறது, பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து முகாம் நடத்த அனுமதி கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, பக்கத்தில் மருத்துவமனை வைத்திருக்கும் மருத்துவர் சலுகைக் கட்டணத்தில் பார்க்கிறேன் என்கிறார், அரசு மருத்துவமனையின் பல் பிரிவு எப்போதும் இருக்கவே இருக்கிறது. இவர்களில் யாரிடம் குழந்தைகளை ஒப்படைப்பது என்பதே அந்தக் கேள்வி. பல ஆண்டுகளாகப் பள்ளி வராந்தாக்களில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் குழந்தைகளின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்து வரும் பல் மருத்துவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்தவற்றை இங்கே வரிசைப்படுத்துகிறேன்.

தேவை எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல ஓர் எண் போதும். பால்பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் உலகெங்கும் ஏறத்தாழ 51.4 கோடிப் பேர் என உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை கணக்கிட்டது. கட்டணம் கொடுத்து மருத்துவரைப் பார்க்க வழியில்லாத வீடுகளின் குழந்தைகளும் இதில் அடக்கம். அவர்களில் பலருக்கு, பள்ளி ஏற்பாடு செய்யும் மருத்துவரே வாழ்க்கையில் சந்திக்கும் முதல் பல் மருத்துவர்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், சொத்தை என்று கண்டறியப்பட்ட குழந்தைக்குச் சிகிச்சை முடிந்ததா என்பது. பெரும்பாலான பள்ளிகள் இதைக் கேட்பதே இல்லை. எத்தனை குழந்தைகளைப் பார்த்தார்கள் என்று மட்டுமே கேட்கின்றன. ஒரே நாளில் 400 குழந்தைகளைப் பார்த்ததாக எழுதிக் கொடுக்கும் அமைப்பைவிட, 60 குழந்தைகளைப் பார்த்து அவர்களில் சிகிச்சை தேவைப்பட்ட 25 பேருக்கும் அதை முடித்துக் கொடுக்கும் அமைப்பு எவ்வளவோ மேல். பள்ளியில் வரிசையாக நிறுத்திப் பல்லைப் பார்ப்பதால் மட்டும் குழந்தைகளின் பல்நலம் மேம்படுகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்றுதான், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வும் சொல்கிறது.

இதை நான் முதலில் கற்றுக்கொண்டது ஒரு சிறுமியிடம். முகாம் முடிந்து மூன்று மாதம் கழித்து அதே வகுப்புக்குப் போயிருந்தேன். நான் எழுதிக் கொடுத்த பரிந்துரைச் சீட்டு அவளுடைய பைக்கு அடியில் நான்காக மடிந்து, பென்சில் சீவல்களோடு ஒட்டிக் கிடந்தது. அன்றைக்குச் சின்னக் கரும்புள்ளியாக இருந்த சொத்தை இப்போது பள்ளமாகிவிட்டது. பல்லுக்குக் கீழே ஈறில் மிளகளவு சீழ்க்கொப்புளம். சாப்பிடும்போது ஒரு பக்கமாகவே மெல்லப் பழகியிருந்தாள். அம்மாவுக்கு வேலையை விட்டு வர முடியவில்லை என்று, தானே தவறு செய்தவள்போலத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். தவறு அவளுடையதும் அல்ல, அவளுடைய அம்மாவுடையதும் அல்ல. சீட்டை எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிய எங்களுடையது.

இரண்டாவது அளவுகோல் கருவிகளின் தூய்மை. இங்கே நல்லெண்ணத்தை நம்பக் கூடாது, எண்ணிக்கையைக் கேட்க வேண்டும். ஒரு குழந்தையின் வாய்க்குள் போன கண்ணாடியும் முள்கருவியும் கழுவப்பட்டு, அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 பாகை செல்சியஸில் குறைந்தது 15 நிமிடமோ 134 பாகையில் குறைந்தது 3 நிமிடமோ இருந்து வந்த பிறகே அடுத்த குழந்தைக்குப் பயன்பட வேண்டும். சூடேறி ஆறுவதற்கான நேரமும் இதனுடன் சேரும். ஆகவே, "ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகளைப் பார்ப்பீர்கள், எத்தனை செட் கருவிகள் கொண்டுவருவீர்கள்?" என்ற இரண்டு கேள்விகள் போதும். 200 குழந்தைகளுக்கு 30 செட் என்று பதில் வந்து, இடையில் மருந்துத் தண்ணீரில் முக்கி எடுப்போம் என்று விளக்கம் தரப்பட்டால், அந்த இடத்திலேயே நன்றி சொல்லி அனுப்பிவிடலாம். உறையிட்ட, ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கண்ணாடிகளைக் கொண்டுவருவதும் ஏற்கத்தக்க வழியே.

மூன்றாவது, சொத்தை வராமல் தடுக்கும் வேலை ஒப்பந்தத்தில் உண்டா என்பது. ஆறு வயதையொட்டி முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எந்தப் பால்பல்லும் விழாமல், பால்பற்களுக்குப் பின்னால் சத்தமின்றி அது வருவதால், பெற்றோர் அதையும் பால்பல் என்றே எண்ணி, எப்படியும் விழத்தானே போகிறது என்று விட்டுவிடுகிறார்கள். அதன் மேற்பரப்பிலுள்ள குழிகளும் வெடிப்புகளும் தூரிகையின் முள் நுழைய முடியாத அளவுக்குக் குறுகலானவை. அந்தக் குழிகளை மூடும் சீலண்ட் பூச்சு கடைவாய்ப்பல் சொத்தையில் 80 விழுக்காட்டை 2 ஆண்டுகளுக்குத் தடுப்பதாக அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் கூறுகிறது. சொத்தையைத் தடுக்கும் மருந்துப் பூச்சான புளூரைடு வார்னிஷ் இன்னும் எளியது: சிறு தூரிகையால் பற்களில் தடவ ஓரிரு நிமிடம் போதும், நாற்காலியோ மின்சாரமோ வேண்டாம், ஆனால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது திரும்பத் தடவ வேண்டும். ஒரே முறை வந்து போகிறவரால் அது ஆகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், அவர்கள் படித்துப் புரிந்துகொள்ளும் மொழியில், ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாகப் பெறப்பட வேண்டும். குழந்தையின் பதிவேடு, சேவையாளர் மாறினாலும் பள்ளிக்கும் பெற்றோருக்கும் கிடைக்க வேண்டும். பணம் எந்த முறையில் கொடுக்கப்படுகிறது என்பதும் முக்கியம். அதைப் பின்னால் விரிவாகப் பார்க்கலாம்.

## அருகிலுள்ள தனியார் பல் மருத்துவர்

இவரிடம் உள்ள மிகப் பெரிய பலம், அவர் அங்கேயே இருப்பார் என்பதுதான். அடைத்த பல் மறுவாரம் வலித்தால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக ஒரு கதவு இருக்கிறது, கதவுக்குள் தெரிந்த முகமும் இருக்கிறது. எக்ஸ்ரே, மரத்துப்போகும் ஊசி, பால்பல்லுக்கான வேர்ச் சிகிச்சை எல்லாம் ஓரிடத்தில் கிடைக்கும். மாலையிலும் விடுமுறை நாளிலும் திறந்திருந்தால், பெற்றோர் வேலை நாளை இழக்க வேண்டியதில்லை.

மறைசெலவு இங்கே கட்டண முறையில் இருக்கிறது. செய்த வேலைக்கு ஏற்ப, அடைத்த பல் ஒன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தால், மருந்து தடவி நிறுத்தக்கூடிய சொத்தையும் துளையிட்டு அடைக்கப்படும் அபாயம் உண்டு. மருத்துவர் தீயவர் என்பதால் அன்று, ஊக்கம் அந்தத் திசையில் இழுப்பதால். மாறாக, குழந்தை ஒன்றுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுத்தால், கடினமான பல்லைத் தள்ளிப்போடும் அபாயம் உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்காமல், தடுப்பு வேலைக்குத் தலைக்கணக்கும் சிகிச்சைக்கு வேலைக்கணக்கும் வைத்து, பத்துக்கு ஒரு குழந்தையை வேறொரு மருத்துவர் மறுபரிசோதனை செய்ய இடம் வைத்துக்கொள்வதே என் யோசனை.

இன்னொரு சிக்கல், சலுகை எதுவரை என்பது. பரிசோதனை இலவசம், முதல் அடைப்பு இலவசம், அதற்குப் பிறகு முழுக் கட்டணம் என்று அமைந்துவிட்டால், மூன்று நான்கு சொத்தை உள்ள குழந்தையின் வீடு கடன்படும். எந்தெந்தச் சிகிச்சைக்குப் பெற்றோர் பணம் கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்க வேண்டாம் என்ற முழுப் பட்டியலைக் கையெழுத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். 200 குழந்தைகளுக்குள் உள்ள, மருத்துவமனைக்கு நடந்து போகும் தொலைவில் அமைந்த சிறிய பள்ளிக்கு இந்த வழி மிகவும் பொருந்தும்.

## நடமாடும் பல் மருத்துவ ஊர்தி

குழந்தை மருத்துவரைத் தேடிப் போகாமல் மருத்துவர் குழந்தையைத் தேடி வருவது சிறு விஷயமன்று. ஊர்தி வரும் நாளில் வகுப்பிலிருந்து எழுந்து போன குழந்தை அரை மணி நேரத்தில் அடைத்த பல்லோடு திரும்பி வந்து உட்கார்ந்துவிடும். போக்குவரத்து குறைந்த தொலைதூரப் பள்ளிகளுக்கு இதைவிடச் சிறந்த வழி பெரும்பாலும் இல்லை.

ஆனால் ஊர்தியின் பலவீனம் அதன் சக்கரங்களிலேயே இருக்கிறது. வந்தது போய்விடும். திங்கட்கிழமை அடைத்த பல்லில் வியாழக்கிழமை இரவு வீக்கம் வந்தால், அது அடுத்த மாவட்டத்தில் நிற்கும். அப்போது எந்த எண்ணுக்கு அழைப்பது, எந்த மருத்துவமனைக்குப் போவது, செலவு யாருடையது என்பதற்கு எழுத்தில் பதில் இல்லாத ஊர்தியை ஒப்புக்கொள்ளவே கூடாது. தண்ணீர் தீர்ந்தது, கம்ப்ரசர் பழுது, ஓட்டுநர் விடுப்பு என்று வருகை ரத்தாகும் நாள்களும் உண்டு. ரத்தானால் எத்தனை நாளுக்குள் மீண்டும் வருவார்கள் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். ஊசி, இரத்தம் தோய்ந்த பஞ்சு முதலிய கழிவுகளை அவர்களே எடுத்துச் செல்ல வேண்டும். பள்ளியின் குப்பைத்தொட்டியில் அவற்றைப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு.

சில ஊர்திகளில் நாற்காலி இருக்கும், மருத்துவர் இருப்பார், ஆனால் பார்த்துச் சீட்டு எழுதுவதோடு சரி. வெளியில் அழகிய படங்கள் வரைந்த ஊர்தியைக் கண்டு மயங்காமல், சென்ற ஆண்டில் ஊர்திக்குள்ளேயே எத்தனை பற்கள் அடைக்கப்பட்டன, எத்தனை சீலண்ட் வைக்கப்பட்டன என்று கேளுங்கள்.

## பல் மருத்துவக் கல்லூரி

கல்லூரியின் வலிமை ஆள்பலமும் துறைப்பலமும். குழந்தைப் பல் மருத்துவம், ஈறு, பல் சீரமைப்பு எல்லாவற்றுக்கும் ஒரே கூரையின் கீழ் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஊனமோ இதயநோயோ உள்ள, மயக்க மருந்து கொடுத்துச் சிகிச்சை செய்ய வேண்டிய குழந்தைக்கு இவர்களைத் தவிர வேறு வழி அநேகமாக இருக்காது. கட்டணமும் குறைவு.

ஒரு பல்லை அடைக்க மாணவருக்கு நேரம் பிடிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் வந்து பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அனுபவமுள்ள மருத்துவர் 20 நிமிடத்தில் முடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகலாம். ஏழு வயதுக் குழந்தையால் அவ்வளவு நேரம் வாயைத் திறந்து வைத்திருக்க முடியாது என்பதை நானே மாணவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அழுகைக்கு முன் உதடு துடிக்கத் தொடங்கும், பிறகு கைகள் நாற்காலியின் பக்கங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். தேர்வுக் காலத்தில் முகாம்கள் நின்றுவிடும், மாணவர்கள் ஆண்டுதோறும் மாறிவிடுவார்கள். முகாம்களை எண்ணிக்கைக்காக நடத்தும் போக்கும் சில இடங்களில் இருப்பதால், பொறுப்பாசிரியர் ஒருவரின் பெயர் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மாணவர்கள் மாறினாலும் அவர் மாறாமல் தொடர வேண்டும். கல்லூரியிலிருந்து பேருந்து அனுப்பி, பெற்றோரின் சம்மதத்தோடு குழந்தைகளைக் குழுவாக அழைத்துச் சென்று சிகிச்சை முடித்து வரும் ஏற்பாடு இருந்தால், பெரிய பள்ளிகளுக்கு இதுவே முதல் தேர்வாகலாம்.

## அரசு மருத்துவமனையின் பல் பிரிவு

செலவில்லை, நிலையானது, பொறுப்புக் கேட்கவும் முடியும். ஆனாலும் அதன் வேலை நேரமும் பள்ளி நேரமும் ஒன்று. குழந்தைக்கு ஒரு நாள் படிப்பும் பெற்றோருக்கு ஒரு நாள் வருமானமும் போகும். நோயாளிகள் மிகுதியால் அடைக்க நேரமின்றிப் பிடுங்குவதே வழக்கமாகிவிட்ட பிரிவுகளும் உண்டு. பால்பல்தானே என்று பிடுங்கினால், அடுத்துள்ள பற்கள் சாய்ந்து, பின்னால் வரவேண்டிய நிரந்தரப் பல்லுக்கு இடமில்லாமல் போகும். வாரத்தில் ஒரு நாளைப் பள்ளிக் குழந்தைகளுக்கென ஒதுக்கும்படி மருத்துவ அதிகாரியிடம் எழுத்தில் கேட்டுப் பெற முடிந்தால் இந்த வழியின் மதிப்பே மாறிவிடும். நான் அறிந்தவரை, இதைக் கேட்கும் பள்ளிகள் மிகக் குறைவு.

## பள்ளிக்குள்ளேயே ஓர் அறை

இதை யாரும் உங்களிடம் முன்மொழிய மாட்டார்கள், ஆகவே நான் சொல்கிறேன். நியூசிலாந்து 1921-இல் பள்ளிக் குழந்தைகளுக்கெனப் பல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கி, பள்ளி வளாகங்களிலேயே சிறு பல் அறைகளை அமைத்தது. இரண்டாண்டுப் பயிற்சி பெற்ற பெண்கள் குழந்தைகளின் பற்களைக் காத்த அந்த முறை பின்னர் பல நாடுகளுக்கு முன்மாதிரியானது. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு: துளையிடும் கருவிக்கு அஞ்சிய குழந்தைகள் அந்த அறைகளுக்குக் கொலைவீடு என்றே பெயர் வைத்தார்கள். சேவை அருகில் இருந்தால் மட்டும் போதாது, வலியைக் கையாளத் தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

இன்று துளையிடாமலே செய்யக்கூடியவை மிகுந்துவிட்டன. கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துக் கண்ணாடி அயனோமர் சிமென்டால் அடைக்கும் முறைக்கு மின்சாரம் வேண்டாம். ஒரு பரப்பில் மட்டும் உள்ள சொத்தைக்கு அது நன்றாக நிற்கிறது, இரு பற்களுக்கு இடையில் பரவிய சொத்தைக்கு அவ்வளவாக நிற்பதில்லை. வெள்ளி டையமின் புளூரைடு என்ற திரவத்தை ஒரு சொட்டுத் தடவினால் பெரும்பாலான சொத்தைகள் மேற்கொண்டு பரவாமல் நின்றுவிடும். இவ்விரண்டும் 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் சேர்ந்துவிட்டன. அந்தத் திரவம் பட்ட சொத்தை நிரந்தரமாகக் கறுத்துவிடும் என்பதைப் பெற்றோரிடம் படம் காட்டிச் சொல்லியே சம்மதம் வாங்க வேண்டும். முன்பல்லில் தடவிவிட்டுப் பிறகு விளக்கம் சொன்னால், அந்தக் குடும்பம் மறுபடி பல் மருத்துவரை நம்பாது. நரம்புவரை போய்ச் சீழ் கட்டிய பல்லுக்கு இது மருந்தும் அன்று.

அறைக்குக் குழாய்த் தண்ணீர், கழிவு வெளியேற்றம், முழுநேர ஊழியர் என்று நிலையான செலவு உண்டு. தனிப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. ஐந்தாறு பள்ளிகள் சேர்ந்து, பெரிய பள்ளியில் அறை வைத்துச் சட்டம் அனுமதிக்கும் இடங்களில் அந்தப் பல் செவிலியர்போலப் பயிற்சி பெற்ற பல் சிகிச்சையாளர் ஒருவரை நியமித்து, மருத்துவர் மேற்பார்வையில் நடத்தினால் நீண்ட கால நோக்கில் இதுவே மிகச் சிக்கனமானது என்பது என் நம்பிக்கை.

## என் தேர்வு

இத்தனையையும் பார்த்த பிறகும் ஒரே சேவையாளரைத் தேட வேண்டாம் என்பதே என் கருத்து. தடுப்பு வேலையையும் சிகிச்சையையும் பிரித்துவிடுங்கள். வார்னிஷ் தடவுதல், சீலண்ட் வைத்தல், ஆரம்பச் சொத்தையை நிறுத்துதல் ஆகியவை பள்ளியிலேயே, ஆண்டுக்கு இரண்டு முறை, ஊர்தியாலோ கல்லூரிக் குழுவாலோ நடக்கட்டும். அடைத்தலும் வேர்ச் சிகிச்சையும் பிடுங்குதலும் இடம் மாறாத ஒரு மருத்துவமனையில் நடக்கட்டும். இரண்டுக்கும் நடுவில் பெயர் குறிப்பிட்டு ஒருவர், சம்பளம் பெற்றோ பொறுப்பேற்றோ, சீட்டு பெற்ற ஒவ்வொரு குழந்தையும் நாற்காலியில் உட்கார்ந்து எழும்வரை பின்தொடர வேண்டும். பணம் குறைவாக இருந்தால் ஊர்தியைக் குறைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒருவரைக் குறைக்காதீர்கள்.

பணம் மிகவும் குறுகி, ஒரு வகுப்புக்கு மட்டுமே முடியும் என்றால், முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் முளைத்திருக்கும் ஆறு, ஏழு வயது வகுப்பைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வகுப்புக்கு முடிந்தால், இரண்டாம் கடைவாய்ப்பல் வரும் பன்னிரண்டு வயது வகுப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதரசம் கலந்த வெள்ளி அடைப்பு வேண்டாம் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 15 வயதுக்குட்பட்டோருக்கு, மருத்துவர் தவிர்க்க முடியாதது என்று கருதினாலன்றி, அதைத் தடுக்கவோ தவிர்க்கும்படி பரிந்துரைக்கவோ வேண்டும் என்று, பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கையின் நாடுகள் 2022-இல் முடிவெடுத்தன.

கையெழுத்திடும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். அந்தச் சேவையாளர் சென்ற ஆண்டு பணியாற்றிய பள்ளி ஒன்றுக்கு நேரில் போய், பதிவேட்டில் சிகிச்சை தேவை என்று குறிக்கப்பட்ட குழந்தைகளில் பத்துப் பேரை வகுப்பிலிருந்து அழைத்து, தலைமை ஆசிரியர் அனுமதியோடு, வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அடைத்த பல் கண்ணுக்குத் தெரியும். அடைக்காத பல்லும் தெரியும்.